ஊழியமா, வேலையா?

32 ஆண்டுகள் உபதேசியாராக இருந்தேன். முதல் 20 ஆண்டுகள் என் பெயரை வருங்கால வைப்பு நிதியில் சேர்க்கவே இல்லை. கேட்டால், "இது வேலை இல்லை, ஊழியம்" என்றார்கள். இன்று என் பென்ஷன் மாதம் ரூ.1,000. 2014இல் அரசு வைத்த குறைந்தபட்சத் தொகை அது.

போன மாதம் கமிட்டி கூடி, ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவ உதவியையும் நிறுத்தியது. அதே கூட்டத்தில் கோபுரத்துக்கு வண்ணம் பூசத் தீர்மானம்!

பரலோகத்தில் பலன் உண்டு என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் மருந்துக்கடைக்காரர் ரொக்கம் கேட்கிறாரே? பிடித்துவைத்த கூலியைப் பற்றி யாக்கோபு 5:4 சொல்வதைக் கமிட்டியார் ஒருமுறை சத்தமாக வாசிக்கட்டும்.

என் காலம் போகட்டும். இப்போது மணியடிக்கும் கோயில்குட்டிக்கு வயது 30. அந்தத் தம்பியின் பெயரை இந்த மாதமே வைப்பு நிதியில் சேருங்கள்.