ஆரூரில் அண்ணாந்து பார்க்க வேண்டியது

திருவாரூர் தியாகேசர் கோயிலின் ஆழித்தேரைப் போன வாரம் பார்த்தேன். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. திருச்சி பெல் ஆலை செய்துகொடுத்த இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் இருந்தும், தேரின் போக்கு இன்றைக்கும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான். உருண்டு வரும் சக்கரத்துக்கு எதிரே குனிந்து, கட்டையைச் செருகிவிட்டுச் சட்டென்று விலகுகிறார்கள். பார்க்கிற நமக்கு நெஞ்சு பதறுகிறது. ‘ஆரூரா, தியாகேசா’ முழக்கத்தில் நாலு வீதியும் அதிர்ந்தது.

தேரைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் அன்று கோயிலுக்குள் கேட்ட ஒரு பேச்சு வாரம் முழுக்க மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வெளிப் பிரகாரத்தில் தேவாசிரிய மண்டபம் இருக்கிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியது இங்கேதான் என்பார்கள். அங்கே அண்ணாந்து நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். பல கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவராம். விதானத்தைக் காட்டி, “ரொம்ப மங்கிப்போச்சு சார். நல்ல ஆர்ட்டிஸ்ட்டாப் பிடிச்சு புதுசா வரைஞ்சுடலாம். செலவை நான் ஏத்துக்கறேன்” என்றார். பக்தியோடுதான் சொன்னார். எனக்குப் பயம் வந்ததும் அதனால்தான்.

அவர் காட்டிய விதானத்தில் இருப்பது முசுகுந்தன் கதை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், தஞ்சை மராட்டியர் காலத்தில் தீட்டியது. கைலாயத்தில் குரங்காக இருந்து சிவன் மேல் வில்வ இலையைப் பறித்துப் போட்டவன், குரங்கு முகத்தோடேயே அரசனாகப் பிறக்கிறான். அசுரர்களை வெல்ல இந்திரனுக்கு உதவுகிறான். பரிசாக, இந்திரன் பூசிக்கும் தியாகேசர் திருமேனியையே கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல் இன்னும் ஆறு செய்வித்து ஏழையும் வரிசையாக வைக்க, முசுகுந்தன் உண்மையானதைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஏழும் அவனுக்கே கிடைக்கிறது. அதில் வந்தவைதான் சப்தவிடங்கத் தலங்கள்: திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு.

சிவப்புத் தரையில் பட்டை பட்டையாகக் காட்சிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே என்ன நடக்கிறது என்று தமிழில் எழுதியிருக்கிறது. தேவர்களுக்கு நடுவே குரங்கு முகத்தோடு மகுடம் தரித்து அவன் கைகூப்பி நிற்பதைப் பார்த்தால் கண் நகராது. கதை ஆரூருக்கு வந்து சேர்ந்ததும் ஓவியம் திருவிழாவாகிவிடுகிறது. சுவாமி புறப்பாடு, வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை என்று முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆரூர் உற்சவம் அப்படியே இருக்கிறது. வரைந்தவர் பெயர் சிங்காதனம். தன்னையும் ஒரு பக்தராக அதில் வரைந்து, பெயரும் எழுதி வைத்திருக்கிறார். நம் பழைய ஓவியர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இதன் மேல் புது பெயிண்ட் ஏறினால் சிங்காதனத்தின் கோடும் போகும், அந்தத் தமிழ் எழுத்தும் போகும்.

வி.கே. ராஜாமணி எடுத்த படங்களோடு, டேவிட் ஷுல்மன் எழுதி, 2011இல் பிரகிருதி அறக்கட்டளை வெளியிட்ட முசுகுந்தன் ஓவியப் புத்தகம் என் மேஜையை விட்டு நகர்வதில்லை. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், படங்களைப் புரட்டினாலே போதும். ஒரு காட்சியில் மட்டும் மாலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருக்கலாம். நூலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கோயில் கற்களைச் சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் மணல்வீச்சு பற்றி நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அதற்குத் தடை வந்தது நல்லது. சுவர் ஓவியத்துக்கு என்ன காவல்? நான் சின்ன வயதில் பார்த்த ஒரு சிவன் கோயில் மண்டபத்தில், நாயக்கர் காலத்து ஓவியம் துண்டு துண்டாக மிச்சமிருந்தது. கும்பாபிஷேகம் முடிந்து போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க எமல்ஷன், பளபளவென்று. ஒரு யானையின் துதிக்கை மட்டும் தூணுக்குப் பின்னால் தப்பியிருந்தது. யாரும் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தது.

இதற்கு மாறாகத் தஞ்சைப் பெரிய கோயிலில் என்ன நடந்தது பாருங்கள். கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பிறகு தொல்லியல் துறை மேல் அடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே பாதுகாத்தது. இரண்டும் பிழைத்தன. அழுக்கெடுப்பதற்கும் காரை உதிராமல் பிடித்து நிறுத்துவதற்கும் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மங்கிய கோட்டின் மேல் புதுக் கோடு போடுவதில்லை. நன்கொடையாளர்கள் அந்த வேலைக்குப் பணம் கொடுக்கட்டும். அந்தப் பெரியவரிடமும் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சம்மதித்தாரா என்று தெரியவில்லை.

உங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணிக்காகப் பாலாலயம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால், சாரம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை மண்டபங்களின் விதானத்தையும் தூண் மறைவையும் பாருங்கள். துளி வண்ணம் தெரிந்தாலும் செயல் அலுவலரிடம் அனுமதி வாங்கிப் படமெடுத்து, அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலமாக அனுப்புங்கள். பெயிண்ட் டப்பா திறந்த பிறகு எழுதும் கடிதத்தால் பயனில்லை.