கெர்னல் மாறினால் வைஃபை ஏன் சாக வேண்டும்?

லினக்ஸ் கணினியில் மேம்படுத்தல் முடிகிறது. எல்லாம் சுபம் என்கிறது திரை. மறுதொடக்கம் செய்தால் வைஃபையைக் காணோம்! உதவி கேட்டுப் போகும் பயனருக்குக் கிடைக்கும் முதல் பதில், "ஹெடர்ஸ் போட்டீங்களா?" என்பதுதான். ஏதோ அவர்தான் குற்றவாளி போல.

உண்மையில் குற்றம் யாருடையது?

மாட்யூல் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்காகக் கட்டப்படுவது. கெர்னல் மரத்துக்குள்ளேயே இருக்கும் டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடும். வெளியிலிருந்து வரும் என்விடியா, பிராட்காம் வகையறாக்கள்தான் கெர்னல் மாறும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்பட வேண்டும்.

வழக்கமாக அடி வாங்குவது கெர்னல் எழுதுபவர்கள். "உள் இடைமுகத்தை மாற்றாமல் இருந்தால்தான் என்ன?" என்று கேட்கிறார்கள். தவறான கேள்வி. கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதி, கெர்னல் மூலநிரலோடே வரும் ஆவணம் ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. பயன்பாட்டு நிரல்கள் பார்க்கும் சிஸ்டம் கால் இடைமுகம் நிலையானது. உள்ளே இருப்பது திருந்திக்கொண்டே இருக்கும். டிரைவரை மரத்துக்குள் கொடுத்துவிட்டால், இடைமுகத்தை மாற்றுபவரே டிரைவரையும் திருத்திவிடுவார். கொடுக்காத நிறுவனங்களின் சுமைதான் பயனர் தலையில் விழுகிறது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் அவையும் மரத்துக்கு வெளியேதான் நிற்கின்றன.

அடுத்த குற்றவாளி, வழங்கல்கள். 2003-ல் டெல் பொறியாளர்கள் உருவாக்கிய டிகேஎம்எஸ், புதிய கெர்னல் வந்ததும் மாட்யூலைத் தானே கட்டிவிடும். அருமையான கருவி. ஆனால் அந்தக் கெர்னலுக்கான ஹெடர் பொதி வேண்டும், கம்பைலர் வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் கணினி ஏற்றுக்கொண்ட சாவியால் கையொப்பமும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மாட்யூல் இல்லை. புதிய டிகேஎம்எஸ் பதிப்புகள் கட்டுமானம் தோற்றால் உரக்கக் கத்துகின்றன. ஹெடர் இல்லாவிட்டாலோ, நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓர் எச்சரிக்கை ஓடி மறைகிறது. அதை யார் படிப்பது?

இது தீர்க்க முடியாத சிக்கலா? இல்லவே இல்லை. ரெட் ஹேட், சூசே நிறுவனங்களின் வணிக வழங்கல்களில், மாட்யூல் பொதி தனக்கு எந்தெந்தக் கெர்னல் சிம்பல்கள் தேவை என்பதைச் சார்புநிலையாகவே எழுதி வைக்கிறது. பொருந்தாவிட்டால் நிறுவும்போதே தெரிந்துவிடும். காசு கொடுப்பவருக்குக் கிடைக்கும் இந்த அக்கறை மேசைக் கணினிக்காரருக்கு ஏன் இல்லை?

கேட்பது பெரிதல்ல. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களின் பட்டியல் கணினிக்குத் தெரியும். புதிய கெர்னலுக்கு அவை தயாராகவில்லை என்றால், பழைய கெர்னலே முதல் தேர்வாக நீடிக்கட்டும். காரணத்தைக் கடைசி வரியில் பளிச்சென்று சொல்லட்டும். பழைய கெர்னல் எப்படியும் வட்டில்தானே இருக்கிறது!

"பாதுகாப்புத் திருத்தம் தள்ளிப்போகுமே" என்பார்கள். தள்ளிப்போகும்தான். ஆனால் காரணம் தெரிந்த பயனர் குறையைச் சரிசெய்துகொள்வார். வைஃபை செத்த கணினிக்கு அடுத்த திருத்தம் எந்த வழியாக வந்து சேரும்?

மேம்படுத்தல் வெற்றி என்று அறிவிக்கும் உரிமை பொதி மேலாளருக்கு உண்டு. நேற்று வேலை செய்தது இன்றும் செய்யுமா என்று பார்த்துவிட்டு அறிவிக்க வேண்டிய கடமையும் அதற்கே உண்டு.