அந்தப் படத்தின் அறிவிப்பாளர் யார்?



2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பதினேழு வயது மாணவர் ஒருவர் அருகில் வந்து நின்றார். பாடத்தில் கெட்டிக்காரர், அதிகம் பேசாதவர். அன்று பகல் உணவை அவர் தொடவில்லை என்று சமையற்காரர் முன்பே என்னிடம் கூறியிருந்தார். "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டேன். விடை கூறாமல் தம் கைபேசியை நீட்டினார்.

வெண்துணியில் சுற்றப்பட்ட சிறு குழந்தைகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தனர். "நேற்றிரவு காஸாவில்" என்று படத்தின் கீழே எழுதப்பட்டிருந்தது.

"இதைப் பார்த்த பிறகு எப்படிச் சோறு இறங்கும், ஹஜ்ரத்?" என்றார். தமக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதை அனுப்பிவிட்டதாகவும், அச்செடுத்து மத்ரஸா வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டதாகவும் கூறினார்.

அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அன்று தொடங்கிய போரில் காஸாவின் மீது இரவும் பகலும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தொலைவில் உள்ள ஒரு பிள்ளையின் சாவு ஒரு மாணவரின் பசியை மறக்கச் செய்யுமானால், அந்த உள்ளம் நல்ல உள்ளமே. அவருடைய துயரத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் அன்று காலையில் நான் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. நபிமொழியின் அறிவிப்பாளர் வரிசை பற்றிய பாடம் அது.

"இந்தப் படம் உமக்கு யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"நண்பர் அனுப்பினார்."

"அவருக்கு?"

"தெரியாது, ஹஜ்ரத்."

"இத்தகைய அறிவிப்புக்குக் காலையில் என்ன பெயர் கூறினோம்?"

தலை குனிந்தவாறு, "தொடர் அறுந்தது" என்றார்.

இருவரும் அலுவலக அறைக்குச் சென்று கணினியின் முன் அமர்ந்தோம். ஒரு படத்தைக் கொடுத்தால், அது இதற்கு முன் எங்கெங்கே வெளிவந்தது என்று தேடித் தரும் வசதி இப்போது இருக்கிறது. சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிட்டது. அது காஸாவில் எடுக்கப்பட்ட படமன்று. 2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவில், திமிஷ்க் நகரை அடுத்த கூத்தா பகுதியில், நச்சு வாயுத் தாக்குதலில் மாண்ட குழந்தைகளின் படம்.

மாணவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர் கேட்டார்: "காஸாவிலும் குழந்தைகள் இறக்கத்தானே செய்கிறார்கள், ஹஜ்ரத்? படம் எந்த ஊருடையதாக இருந்தால் என்ன? பார்ப்பவர் மனம் இளகினால் போதாதா?"

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ஏனெனில் அவருடைய வயதை ஒட்டிய பருவத்தில் நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

2003ஆம் ஆண்டில் நான் கல்லூரியில் பி.ஏ. இறுதியாண்டு மாணவன். அவ்வாண்டு பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் காலின் பவல், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐ.நா. பாதுகாப்பு அவையில் வாதிட்டார். விடுதி மாணவர்களாகிய நாங்கள் அதை நம்பவில்லை. அதில் நாங்கள் தவறவில்லை; அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்பதை அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004இல் அறிவித்துவிட்டது.

ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. இராக்கின் தகவல் அமைச்சர் முஹம்மத் சயீத் அல்சஹ்ஹாஃப் நாள்தோறும் தோன்றி, எதிரிகள் தோற்று ஓடுகிறார்கள் என்று கூறிவந்தார். அமெரிக்கப் படைகள் பக்தாதுக்குள் நுழைந்துவிட்ட பின்னரும், நகரில் அமெரிக்கர் எவரும் இல்லை என்றே சொன்னார். அவர் கூறிய ஒவ்வொன்றையும் நான் நம்பினேன். மறுத்துப் பேசிய நண்பர்களோடு சண்டையிட்டேன். ஏப்ரல் 9 அன்று விடுதித் தொலைக்காட்சியில் பக்தாதின் வீழ்ச்சியைக் கண்டபோது, தோல்வியைக் காட்டிலும் என் ஏமாளித்தனமே என்னை அதிகம் சுட்டது. பவலின் சொல்லை ஆராய்ந்த நான், அமைச்சரின் சொல்லை ஏன் ஆராயவில்லை? அது நான் கேட்க விரும்பிய செய்தி என்பதே காரணம்.

மறுநாள் வகுப்பில் நூஹ் பின் அபீ மர்யம் என்பவரைப் பற்றிப் பேசினேன். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மர்வ் நகரின் நீதிபதியாக இருந்தவர். குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் சிறப்புக் கூறும் நபிமொழிகளை அவர் புனைந்தார் என்று நபிமொழிக் கலை நூல்கள் கூறுகின்றன. காரணம் கேட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டுச் சட்ட நூல்களிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிவிட்டதால், அவர்களைத் திருப்பவே அவ்வாறு செய்ததாகச் சொன்னாராம். நோக்கம் நல்லதுதான். ஆயினும் அறிஞர்கள் அதை மன்னிக்கவில்லை. அவரை எச்சரிக்கைக்குரிய உதாரணமாகவே நூல்களில் எழுதி வைத்தார்கள்.

பிறகு அந்த மாணவரை நோக்கிச் சொன்னேன்: "கூத்தாவில் இறந்த பிள்ளைகளுக்கும் தாய் தந்தையர் இருந்தார்கள். அவர்கள் இறந்த ஊர் உண்டு; இறந்த நாள் உண்டு; கொன்றவர் யார் என்ற கேள்வியும் உண்டு. படத்தின் கீழே வேறு ஊரின் பெயரை எழுதும்போது, அம்மூன்றையும் அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம். காஸாவின் பிள்ளைகளுக்கும் இதனால் நன்மை இல்லை. ஒரு படம் பொய் என்று தெரிந்தால், உண்மையான நூறு படங்களையும் பொய்யென்று தள்ள விரும்புவோருக்கு அதுவே போதும்."

இது வெறும் அச்சமன்று. 2023 அக்டோபர் 25 அன்று, அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன், பாலஸ்தீனர்கள் தரும் எண்ணிக்கையில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று கூறினார். மறுநாளே காஸாவின் சுகாதார அமைச்சகம் 6,700க்கும் மேற்பட்டோரின் பெயர், வயது, அடையாள எண் ஆகியவற்றைப் பட்டியலாக வெளியிட்டது. ஐயம் கொண்டவருக்கு அவர்கள் கொடுத்த விடை கூச்சலன்று, பெயர்கள்.

அன்று மாலையே மாணவர் பலகையிலிருந்து படத்தை எடுத்துவிட்டார். யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்கள் அனைவருக்கும், "நான் அனுப்பியது தவறான செய்தி, இது சிரியாவில் எடுத்த படம்" என்று எழுதினார். நன்றி சொன்னவர்கள் சிலரே. "நீ யார் பக்கம்?" என்று கேட்டவர்கள் பலர். அவர்களுள் ஒருவர் அவருடைய சொந்த மாமா. பரப்பும்போது பாராட்டியவர்கள் திருத்தும்போது ஏசினார்கள். அது அவரை மிகவும் வருத்தியது. எனினும் எழுதியதை அவர் திரும்பப் பெறவில்லை.

2024 செப்டம்பரில் அதே அமைச்சகம் 34,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கொண்ட மற்றொரு பட்டியலை வெளியிட்டது. வயது வரிசையில் அமைந்த அப்பட்டியலின் முதற்பக்கங்கள் முழுவதும் ஒரு வயது நிறையாத குழந்தைகளின் பெயர்கள். மாணவர் என்னிடம் அனுமதி பெற்று, அவற்றில் ஒரு பக்கத்தை அரபியிலும் தமிழிலும் தம் கையால் எழுதி, பழைய படம் இருந்த அதே இடத்தில் ஒட்டினார். மஃரிபுக்கு வந்த பெரியவர்கள் நின்று படித்துவிட்டு, பேசாமல் உள்ளே சென்றார்கள். 2025 அக்டோபரில் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது அந்த அமைச்சகத்தின் கணக்கு 67,000ஐக் கடந்திருந்தது.

பெற்றோர்களே, உலகச் செய்தி கண்டு உங்கள் பிள்ளை கலங்கினால், "உனக்கு எதற்கு இந்த ஊர் வம்பு?" என்று அதட்டாதீர்கள். அருகில் அமருங்கள். அச்செய்தியை யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள். நமக்குப் பிடித்தமான செய்தி என்றால் இருமுறை தேடுங்கள். அதன் பிறகு அவன் அழுதால், அழட்டும். அவனுடன் சேர்ந்து நீங்களும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.