கிளியர் வேறு, நியூ வேறு சாமிகளா!

பி.காம் படிக்கிறவனுக்கு சி ஷார்ப்பில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் படிப்பில் கணக்குப்பதிவோடு நிரல் எழுதுவதும் உண்டு. சண்டை அதைப் பற்றியது இல்லை. "லிஸ்ட்டைக் காலி பண்ணணுமா? கிளியர் போடு, இல்லாட்டி புதுசா ஒண்ணு நியூ போடு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சீனியர் முதல் சந்தை கைடு வரை எல்லோரும் ஓதுகிறார்களே, அதைப் பற்றியது.

ஒன்று இல்லைங்க. சத்தியமாக ஒன்று இல்லை.

டாட் நெட்டின் சார்ட்டட் லிஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு அர்ரே. ஒன்றில் கீ, இன்னொன்றில் வேல்யூ. பில் நம்பர் கீ, தொகை வேல்யூ என்று வைத்தால், எந்த வரிசையில் போட்டாலும் பில் நம்பர் வரிசையில் நிற்கும். இதற்குக் கிளியர் போட்டால் கவுன்ட் 0 ஆகும், உள்ளே இருந்தவை போய்விடும். ஆனால் கெபாசிட்டி, அதாவது பிடித்து வைத்த இடம், அப்படியே இருக்கும். ஓட்டலில் இலையை எடுத்துவிட்டு மேசையைத் துடைக்கிற மாதிரி. மேசையையும் சுருக்க வேண்டுமானால் ட்ரிம் எக்ஸஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

நியூ அப்படி இல்லை. அது வேறு மேசை. பழைய மேசையில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் இலை அப்படியே இருக்கும்.

"மெமரிதானே, போனால் போகிறது" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கும் அதே அளவு பில் வரும் என்றால் அந்த இடம் இருப்பது நல்லதுதான். என் கவலை மெமரி இல்லை, கணக்கு!

ஒரு மளிகைக்கடை பில்லிங் நிரலை நினைத்துப் பாருங்கள். அன்றைய லிஸ்ட்டை ரிப்போர்ட் பக்கத்துக்குக் கொடுக்கிறீர்கள். போவது நகல் இல்லை, அதே லிஸ்ட்டின் ரெஃபரன்ஸ். ரிப்போர்ட் இன்னும் அச்சாகவில்லை, நீங்கள் மறுநாளுக்காகக் கிளியர் போடுகிறீர்கள். முடிந்தது கதை. ரிப்போர்ட்டில் விற்பனை பூஜ்யம். இங்கே நியூ போட்டிருக்க வேண்டும்.

சரி, எப்போதும் நியூவே போடலாமா? அதுவும் வம்பு. கல்லாவில் இருக்கும் இன்னொரு திரையும் அதே லிஸ்ட்டைப் பிடித்திருந்தால், அது நேற்றைய பில்லையே காட்டிக்கொண்டிருக்கும். அங்கே கிளியர்தான் சரி. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த லிஸ்ட்டை வேறு யார் கையில் வைத்திருக்கிறார்கள்? இதை எந்தக் கைடு கேட்கிறது?

இன்னொரு கூத்து, ரிமூவ் அட் போட்டு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக நீக்குவது. ஒன்று போனால் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் நகர வேண்டும். 10,000 பில்லுக்கு ஒரு அர்ரேயில் மட்டும் 4,99,95,000 நகர்வு, இரண்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 கோடி. இதில் ஐ-யை ஏற்றிக்கொண்டே போகிற ஃபார் லூப்பாக எழுதினால் 10-ல் 5 மிச்சம் நிற்கும், ஏனென்றால் ஒன்று விட்டு ஒன்று தப்பிவிடுகிறது. கிளியர் ஒரே அழைப்பில் முடிக்கிற வேலை இது.

ஜாவாவின் ட்ரீ மேப்பும் வரிசையாகத்தான் வைக்கும். ஆனால் அது மரம். கிளியர் போட்டால் வேரை விட்டுவிடும், அவ்வளவுதான். மிச்ச இடம் என்ற பேச்சே இல்லை. பெயர் ஒன்று, உள்ளே நடப்பது வேறு. ஆனாலும் அந்த மேப்பைப் பிடித்திருக்கும் எல்லோருக்கும் காலியாவது மட்டும் மாறாது.

எங்கள் கணக்குப்பதிவில் வருடக் கடைசியில் சம்பளக் கணக்கை மூடும்போது யாரும் ரப்பர் எடுப்பதில்லை. தொகையை லாப நட்டக் கணக்குக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் மூடுகிறோம். கிளியரோ எத்தனை அழித்தேன் என்றுகூடச் சொல்லாது. அழிக்கும் முன் எழுதி வைப்பதும், யாருக்குக் கொடுத்தோம் என்று பார்ப்பதும் நம் வேலை.

வரிசைப்படுத்தச் சொல்லித்தர ஒரு முழு யூனிட் ஒதுக்குகிறீர்கள். காலி செய்வதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் குறைந்தா போவீர்கள்?

டிஸ்கி: கைடு போடுகிறவர்கள் கோபிக்க வேண்டாம். அடுத்த பதிப்பில் திருத்தினால் நானே காசு கொடுத்து வாங்குகிறேன் :-)