“நீயே உனக்கு முதலாளி!” யாரை ஏய்க்க இந்த உபதேசம்?

“ஏன் ஒருவனிடம் கைகட்டி வேலை பார்க்கிறாய்? கையில் ஒரு லாப்டாப், வீட்டில் இன்டர்நெட், இது போதும். உலகமே உன் சந்தை. நீயே உனக்கு முதலாளி!”

இப்படி ஒரு உபதேசம் இன்று நாடெங்கும் நடக்கிறது. கல்லூரி மேடைகளில் நடக்கிறது. செல்போன் திரையில் இரவு பகலாக நடக்கிறது.

இதற்கு எதிர்வரிசையில் இன்னொரு கூட்டம் நின்று கொண்டு வேறு பாட்டுப் பாடுகிறது. “தனியாகப் போனால் தெருவில் நிற்பாய். எங்கள் கம்பெனிக்கு வா. இங்கே முதலாளி, தொழிலாளி என்ற பேதமே கிடையாது. நாம் எல்லோரும் ஒரே குடும்பம்!”

இரண்டு உபதேசமும் யார் வீட்டு வாசலில் வந்து விழுகின்றன? மில் தொழிலாளியின் வீட்டு வாசலில். விவசாயக் கூலியின் குடிசை வாசலில். தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்து, பாங்கியில் கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளை இணையதளம் அமைக்கும் தொழிலைக் கற்று வந்து நிற்கிறான், நிற்கிறாள். ஏஜென்ஸியில் மாதச் சம்பளத்துக்குப் போவதா, ஃப்ரீலான்ஸ் என்று சொல்லும் உதிரி வேலைக்குப் போவதா? அந்தப் பிள்ளை எடுக்கும் முடிவில்தான் வீட்டுக் கடன் அடைவதும் அடையாததும் இருக்கிறது. ஆகவே இதை ஐ.டி.காரர்களின் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

முதலில் தொழில் இன்னதென்று தெரிந்து கொள்வோம். இன்று ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கும் இணையதளம் வேண்டும். அதைக் கட்டித் தருவது வீடு கட்டுவது போல ஒரு வேலை. ஆர்டர் பிடித்து, ஆள் வைத்து முடித்துக் கொடுக்கிறவர் ஏஜென்ஸிக்காரர். நம் பாஷையில் கான்ட்ராக்டர். தானே ஆர்டர் தேடி, தானே கட்டிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர் ஃப்ரீலான்ஸர். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் புதிது. கூலி விவகாரம் பழையது.

“ஒரே குடும்பம்” என்னும் நாடகம்

ஏஜென்ஸிக்காரரின் குடும்பக் கதையை முதலில் பார்ப்போம்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு வியாபாரி இணையதளத்துக்கு 1,00,000 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் சம்பளக்காரர்கள் இருவர் ஒரு மாதத்தில் அதை முடிக்கிறார்கள். கூலி 40,000. வாடகை, மின்சாரம், இதர செலவு 20,000. மீதி 40,000 எங்கே போகிறது? குடும்பம் என்றால் அந்த 40,000 எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? லாபம் வரும்போது அவர் முதலாளி. இரவு 11 மணிக்கு வேலை வாங்கும்போது மட்டும் நாம் குடும்பம்!

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றும் சொன்னது. ஆனால் 2023 அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு ஜூலையில் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியரிடம் நாளுக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் யோசனையே கிளம்பியது. அங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கம் எதிர்த்து நின்றது. யோசனை அப்போது சட்டமாகவில்லை.

மாதச் சம்பளம் நிரந்தரம் என்பதும் பாதி உண்மைதான். நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனியான டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. பெரிய மாளிகையிலேயே இந்தக் கதி என்றால், மாடியில் ஓர் அறை பிடித்து நடக்கும் சிறு ஏஜென்ஸியில் கேட்கவா வேண்டும்? 20 பேருக்குக் கீழே இருந்தால் வருங்கால வைப்பு நிதி கட்டாயமில்லை. அதனால் 30 பேரை வைத்துக்கொண்டு கணக்கில் 15 பேரைக் காட்டும் வித்தை நடக்கிறது. மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் பேர்வழிகளும் இருக்கிறார்கள்.

சொந்தத் தறியும் சொந்த லாப்டாப்பும்

“அதனால்தான் சொல்கிறோம், தனியாக வா!” என்று மறுகூட்டம் குதிக்கிறது. பொறுங்கள் ஐயா, உங்கள் சரக்கையும் பார்ப்போம்.

கருவி தன்னுடையதாக இருந்தால் மனிதன் முதலாளி ஆகிவிடுவானா? இந்தக் கேள்விக்குப் பதில் சோமனூரிலும் பல்லடத்திலும் இருக்கிறது. அங்கே கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரருக்குத் தறி சொந்தம். கொட்டகை சொந்தம். மின்சாரக் கட்டணமும் அவருடையதே. பாவும் ஊடை நூலும் மட்டும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வரும். கூலியை யார் நிர்ணயிப்பது? நூல் கொடுக்கிறவர். தறி சொந்தமாக இருந்தும் கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் அவர்கள் தறியை நிறுத்திப் போராட வேண்டி வந்தது. தறி அவருடையது, விலை அவருடையதல்ல. இதுதான் விஷயம்!

லாப்டாப்பும் அதே தறிதான். ஆர்டர் யார் கையில் இருக்கிறது? அப்வொர்க், ஃபைவர் போன்ற இணையச் சந்தைகளின் கையில். ஃபைவரில் வேலை செய்து 100 டாலர் சம்பாதித்தால் 20 டாலர் சந்தைக்காரனுக்கு. அப்வொர்க்கின் சரித்திரத்தைக் கேளுங்கள். ஆதியில் 10 சதவீதக் கமிஷன். 2016-ல் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 10, இன்னும் மேலே போனால் 5 என்று மாற்றினார்கள். 2023-ல் மறுபடி எல்லாவற்றுக்கும் 10 ஆக்கினார்கள். 2025-ல் வேலைக்கு வேலை மாறும்படி பூஜ்யத்திலிருந்து 15 வரை என்றார்கள். ஒரு தடவையாவது வேலை செய்கிறவனைக் கூப்பிட்டுப் பேசி மாற்றினார்களா? ‘முதலாளி’க்குத் தன் கமிஷன் எவ்வளவு என்று கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது! வேலை கேட்டு விண்ணப்பம் போடுவதற்கே அங்கே ‘கனெக்ட்’ என்னும் டோக்கனைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மில் கேட்டில் நின்று வேலை கேட்க நுழைவுச் சீட்டு வாங்கச் சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

வாடிக்கைக்காரன் வேலையை ஏலம் விடுகிறான். கோவைப் பையன் ஒரு விலை சொன்னால் டாக்காவில் ஒருவன் குறைத்துச் சொல்கிறான். மணிலாவில் ஒருவன் அதையும் குறைக்கிறான். மூவரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். மூவரையும் மோதவிட்டுச் சந்தைக்காரன் மூவரிடமும் கமிஷன் பிடிக்கிறான். ஆர்டர் தேடும் நேரத்துக்குக் கூலி கிடையாது. “இன்னும் ஒரு தடவை மாற்றிக் கொடு” என்று பத்துத் தடவை மாற்றும் நேரத்துக்கும் கிடையாது. காய்ச்சல் வந்தால் விடுமுறைச் சம்பளம் இல்லை. வயதானால் வைப்பு நிதி இல்லை.

பீடி சுற்றிய பெண்கள் பெற்ற தீர்ப்பு

“வீட்டிலிருந்தே வேலை, பெண்களுக்கு ரொம்ப வசதி” என்கிறார்கள். வீட்டு வேலைமுறை நமக்குப் புதிதா? பீடி சுற்றும் தாய்மாரைக் கேளுங்கள். இலையும் தூளும் ஒப்பந்தக்காரர் தருவார். திண்ணையில் உட்கார்ந்து சுற்ற வேண்டும். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. “அவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்ல, தங்கள் வீட்டில் இஷ்டப்படி சுற்றுகிறவர்கள்” என்று பீடி முதலாளிகள் சாதித்தார்கள். போராட்டம் நடந்தது. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. வீட்டுப் பீடித் தொழிலாளிக்கும் வைப்பு நிதி உரிமை உண்டென்று 1985-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

இன்றைக்கு என்ன நடக்கிறது? 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ‘கிக்’ தொழிலாளி என்றால் முதலாளி–தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்கிறவர் என்று இலக்கணம் வகுக்கிறது. சந்தைக் கம்பெனிகள் வருஷ விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டுமாம். நிதி உண்டு, கூலி விகிதம் உண்டா? வேலை நேர வரம்பு உண்டா? இல்லை! பீடி சுற்றிய பெண் போராடித் திறந்த கதவை அவள் பேத்தியின் முகத்தில் சாத்துகிறார்கள். பேத்தி இங்கிலீஷ் படித்தவள் என்பதால் இதற்குச் சுதந்திரம் என்று பெயர்.

பண்ணையாளா, தினக்கூலியா?

தஞ்சை மாவட்டத்துத் தோழர்களுக்கு இந்தக் கதை தெரியும். பண்ணையாள் கட்டுண்டு கிடந்தான். ஆனால் அளந்து கொடுக்கும் நெல் ஒன்று இருந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் மிராசுதார்கள் பலர் என்ன செய்தார்கள்? பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து வெளியேற்றிவிட்டுத் தினக்கூலிகளாக அமர்த்திக்கொண்டார்கள். “இனி நீ யாருக்கும் கட்டுப்பட்டவனல்ல” என்றார்கள். அறுப்பில்லாத மாதங்களில் அந்தச் சுதந்திரம் அடுப்பில் வேகவில்லை. பண்ணையாள் மேலா, தினக்கூலி மேலா என்று கேட்டுக்கொண்டு நம்மவர் உட்கார்ந்திருக்கவில்லை. நெல் எத்தனை படி என்பதை யார் தீர்மானிப்பது என்றுதான் கேட்டார்கள். ஊர் ஊராகச் சேர்ந்து கேட்டார்கள். கூலி உயர்ந்தது அதனால்தான்.

அப்படியானால் பிள்ளை என்ன செய்வது?

இரண்டும் சுரண்டல் என்று சொல்லிவிட்டுக் கை கழுவுவது நம் வேலையல்ல. நாளைக் காலையில் அந்தப் பிள்ளை எங்காவது போய் வேலை செய்தே ஆகவேண்டும்.

தொழிலில் புதிது, வீட்டில் கடன் இருக்கிறது என்றால் முதலில் மாதச் சம்பளத்துக்கே போகட்டும். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கைத்தொழில் படியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. சம்பளம் எழுதிய நியமனக் கடிதம் வாங்க வேண்டும். வைப்பு நிதிக் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று தானே பார்க்க வேண்டும். மூலச் சான்றிதழை யாரிடமும் விடக் கூடாது. வேலைக்கு வந்த நேரம், போன நேரம் இரண்டையும் சொந்த நோட்டில் எழுதி வரவேண்டும். நாளைக்கு வழக்கு என்றால் அந்த நோட்டு பேசும்.

உதிரி வேலைக்குப் போகிறவர், ஆறு மாதச் சாப்பாட்டுக்கு வழி வைத்துக்கொண்டு, சந்தைக்காரன் தயவில்லாத நேர் வாடிக்கைக்காரர் சிலரைப் பிடித்த பிறகு போகட்டும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். முன்பணம் வேண்டும். எத்தனை தடவை திருத்தம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அவர் கையில் ஓர் ஆயுதம் உண்டு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளக்காரர் வேலையின் பாகமாக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். உதிரித் தொழிலாளி எழுதியதோ, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவருக்கே சொந்தம். ஆகவே பணம் கைக்கு வந்த பிறகே உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

உத்யம் பதிவு இலவசம், செய்துகொள்ளட்டும். பதிவு செய்த சிறு தொழிலருக்கு 45 நாளுக்குள் பணம் தராத உள்நாட்டு வாடிக்கைக்காரர், ரிசர்வ் பாங்கி அறிவிக்கும் விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கட்டவேண்டும் என்கிறது 2006-ம் வருஷச் சட்டம். வெளிநாட்டு வாடிக்கைக்காரரை இந்தச் சட்டம் தொடாது. அவர்களிடம் கட்டம் கட்டமாகப் பணம் வாங்கியே வேலை செய்ய வேண்டும்.

இவையெல்லாம் தனி ஆளின் தற்காப்பு. தற்காப்பினால் ஏமாற்றுக் குறையும், கூலி உயராது. கூலி உயரச் சேர்க்கை வேண்டும். “படித்தவர்களுக்குச் சங்கமா?” என்று சிலர் இளிக்கிறார்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்காரே 2016-ல் எழுத்தில் தெளிவுபடுத்திவிட்டது. நியூயார்க் நகரத்தில் உதிரித் தொழிலாளர்கள் சேர்ந்து கிளர்ச்சி செய்து ஒரு சட்டமே வாங்கினார்கள். 2017 மே மாதம் அது அமலுக்கு வந்தது. 800 டாலரோ அதற்கு மேலோ பெறும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் பணம். 2024-ல் அந்த மாநிலம் முழுவதற்கும் அது பரவியது. அமெரிக்காவிலேயே முடிந்தது இங்கே முடியாதா?

மில் தோழர்களே! விவசாயத் தோழர்களே! உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதால் வேறு ஜாதியாகிவிடவில்லை. கூலி பேசும் வித்தை அவனைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தம் போடுவது, நோட்டீஸ் கொடுப்பது, ஒருவனை நீக்கினால் எல்லோரும் நிற்பது, இவையெல்லாம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத பாடங்கள். இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் நான்கு கேள்வி கேளுங்கள். உன் வேலைக்கு வாடிக்கைக்காரர் கொடுப்பது எவ்வளவு? உன் கைக்கு வருவது எவ்வளவு? அந்த விலையைத் தீர்மானித்தது யார்? உன்னைப் போல நம் ஊரில் எத்தனை பேர்?

நாலாவது கேள்விக்குப் பெயர்களோடு பதில் வரட்டும். அந்தப் பெயர்களை ஓர் இடத்தில் கூட்டுங்கள். இந்த விலைக்குக் கீழே யாரும் வேலை எடுப்பதில்லை என்று அவர்கள் பேசி முடிவெடுக்கட்டும். மாதச் சம்பளக்காரரும் உதிரிக்காரரும் ஒரே பாயில் உட்காரட்டும். அங்கேதான் தொடங்க வேண்டும்!