சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இதயம்?

பட்டாபிராமிலோ ஆவடியிலோ லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் சர்க்கரை நோயாளி முதலில் தேடுவது மூன்று மாத சர்க்கரை சராசரியைத்தான் (எச்பிஏ1சி). ஏழுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. நியாயமான நிம்மதிதான், ஆனால் பாதி நிம்மதி. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காப்பதில் அந்த எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. இதயத்தின் நிலையை அது மட்டுமே சொல்லிவிடாது.

சர்க்கரையோடு இதய நோயும் சேர்வது நம் ஊர்க் கதைதான். சென்னையின் திருமங்கலம், தியாகராய நகர் பகுதிகளில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 21.4 சதவீதம் பேருக்கு.

காரணம் கல்லீரலில் தொடங்குகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த கொழுப்புத் துகள்களை அதிகமாக ரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைகிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் துகள்கள் சிறியவையாகி, எண்ணிக்கையில் பெருகி, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைகின்றன. எல்டிஎல் அளவு மிதமாகத் தெரியும்போதே இவ்வளவும் நடக்கலாம்.

ஓர் உதாரணம். மொத்தக் கொழுப்பு 190, எச்டிஎல் 36, டிரைகிளிசரைடு 250. மொத்தம் 200-க்குள் இருப்பதால் ரிப்போர்ட் அதை ‘நார்மல்’ என்கிறது. எல்டிஎல் கணக்கிட்டால் சுமார் 104. இப்போது மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள்: 154. தமனியை அடைக்கக்கூடிய கொழுப்பு முழுவதும் இதில் அடக்கம். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சர்க்கரை நோய் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு எல்டிஎல் 70-க்கும், இந்தக் கழித்தல் எண் 100-க்கும் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்டிஎல் இலக்கு 55. ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ அளவு பொதுவானது. உங்கள் இலக்கு வேறு.

அடுத்து சிறுநீரகம். கிரியாட்டினினோடு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தக் கசிவு இதயத்துக்கும் எச்சரிக்கை. இன்னொரு கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன்-ஏ பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எண்களில் இன்னும் கண்டிப்பு தேவை. இதயம் பலவீனமாகத் தொடங்குவதை என்டி-புரோபிஎன்பி என்ற சோதனை முன்கூட்டியே காட்டக்கூடும். யாருக்கு அது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். டிரோபோனின் அடிப்படையில் மாரடைப்பு நேரத்துச் சோதனை. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

எல்டிஎல் எண்ணைக் குறைக்க வழி இருப்பதால்தான் அதை அறிவதில் பயன். 2004-இல் வெளிவந்த ‘கார்ட்ஸ்’ ஆய்வில், இதய நோய் வராத சர்க்கரை நோயாளிகளுக்குத் தினமும் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. ‘கொழுப்பு குறைந்துவிட்டதே’ என்று பலர் இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது மாத்திரையால்தான், நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத்திணறலோ, காரணமில்லாத வியர்வையோ, தாடையிலோ கையிலோ வலியோ வந்தால் லேபுக்குப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ‘சுகர் எவ்வளவு?’ என்பதோடு, ‘என் எல்டிஎல் இலக்கு எவ்வளவு, இப்போது எங்கே இருக்கிறேன்?’ என்றும் கேளுங்கள்.