பெண் கூலி ஏன் குறைவு?

கம்பம், கூடலூர், தேவாரம், போடி முதலிய ஊர்களில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பி விடுகின்றன. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி ஜில்லா ஏலத்தோட்டங்களுக்குப் போகும் இவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இருட்டிய பின் திரும்பி வந்தால் வீட்டில் அடுப்பு காத்திருக்கும்.

மலையிலும் சரி, பள்ளத்தாக்கு வயலிலும் சரி, அநேக இடங்களில் இவர்களுக்கு ஆண் கூலியைவிடக் குறைந்த கூலிதான். ஏனென்று கேட்டால், தோட்டக்காரரும் அவருக்குப் பின்பாட்டுப் பாடும் நம் ஆண்பிள்ளைகளும் “பொம்பளை வேலை லேசு வேலைதானே” என்கிறார்கள்.

எது லேசு? ஏலக்காய் கிளையில் காய்ப்பதல்ல. செடியின் அடியில் தரையை ஒட்டிய சரத்தில் காய்ப்பது. எடுப்பவள் நாள் முழுதும் ஈரத்தில் குனிந்தோ குந்தியோ இருக்கவேண்டும். முற்றிய காயை மட்டும் எடுத்து இளங்காயை விடவேண்டும். போடியில் நடக்கும் ஏலத்தில் காயின் அளவையும் நிறத்தையும் பார்த்தே விலை. அப்படித் தரம் பிரித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் பெண் கைதான். காய்க்குத் தரம் உண்டாம், கைக்கு இல்லையாம்!

வயலைப் பாருங்கள். டிராக்டர் வந்தபின் உழுகிறவன் உட்கார்ந்து உழுகிறான். நாற்று நடுகிறவள் இன்றும் சேற்றில் குனிந்துதான் நிற்கிறாள். ஆனால் எது ‘கனமான’ வேலை? ஆகவே வேலையின் கனத்தைப் பார்த்துக் கூலி வைக்கவில்லை. ஆளைப் பார்த்துக் கூலி வைத்துவிட்டு, பிறகு வேலைக்குப் பெயர் வைக்கிறார்கள். ஜாதியிலும் இதே வித்தைதானே நடந்தது!

1976-லேயே சமச் சம்பளச் சட்டம் வந்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டத் தொகுப்பும், ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் கூலியில் ஆண் பெண் பேதம் கூடாதென்கிறது. முதலாளி என்ன செய்கிறார்? மண் வெட்டுவது வேறு, காய் எடுப்பது வேறு என்று சொல்லித் தப்பிக்கிறார்.

இதைத் தலையெழுத்து என்போர் மூணாற்றைப் பார்க்கட்டும். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், அநேகர் தமிழ்ப் பெண்கள், ஆண் தலைவர்களின் சங்கங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 9 நாளில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். பிறகு 232 ரூபாய் தினக்கூலி 301 ஆயிற்று, கேட்டது 500. எழுதினவன் அழித்தெழுதினானா?

ஆனால் அவர்கள் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, லயத்தில் கூடிக் குடியிருந்தவர்கள். ஜீப்பில் போகிறவளோ இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம். சொந்த நிலமில்லை. வாயைத் திறந்தால் மறுநாள் ஜீப்பில் இடமில்லை. அவள் கூலி குறைந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆண் தோழர்களை ஒன்று கேட்கிறோம். கூலி பேசும்போது உங்கள் கூலியை மட்டும் பேசி முடித்துவிட்டு வருகிறீர்களே, பாதி ஜீப்பை யாருக்காக விட்டுவிட்டு வந்தீர்கள்? அடுத்த காயெடுப்புக்குக் கூலி பேசப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவள் பேசட்டும்.